மங்கிய மானி

நம்மிடம் ஒரு பழைய மோட்டார் வண்டி உண்டு. அதற்கு வயது இருபதுக்கு மேலாகிறது. அதனைத் தலைமுழுகிவிடும்படி நண்பர் பலர் நமக்குப் பலகாலும் அறிவுரை கூறியதுண்டு. ஓடுகின்ற வண்டியை ஏன் ஒழிக்கவேண்டும் என்பது நமது கட்சி. இயந்திரம் குறைசொல்ல இடமின்றி உழைத்து வந்தது. ஆயினும், ஓட்டுவோர் முன்னே இருந்து, ஓடிய தூரத்தை எண்களாலும், எஞ்சியுள்ள பெட்ரோலைக் கோடுகளாலும் அறிவிக்கும் கண்ணாடி மானி மாத்திரம் மூன்று மாத காலமாக மங்கிக்கொண்டே வந்தது.

அதனை நாம் அறியாமலில்லை. காலையில் கோடுகள் ஓரளவு தெரியும். வெயிலில் நின்ற வண்டியில் ஏறினால் பாதி மறைந்திருக்கும். ஒரு பட்டறையில் காட்டினோம். பின்னாலிருக்கும் விளக்கு போய்விட்டது என்று சொல்லி, புதிய விளக்கு மாட்டிப் பணம் பெற்றனர். ஒளி முன்னிலும் நன்றாக வந்தது, எழுத்து வரவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். 'பிறகு' என்னும் அச்சொல் நமக்கு என்ன விலை வைத்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

மலாக்கா மாநிலத்தில் அசகானை அடுத்த ஒரு தோட்டத்தில் நமது சின்னம்மா இருக்கிறார். ஒருநாள் இரவு அவருக்கு மூச்சுத் திணறல் கண்டது. அப்பொழுது நாம் அங்கே விருந்தாக இருந்தமையால், அவரை நமது வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, ஜாசின் வழியாக மலாக்கா நகரத்து மருத்துவமனையை நோக்கிப் புறப்பட்டோம். மானியில் ஒளி இருந்தது; கோடு ஒன்றும் தெரியவில்லை. போதுமான அளவு பெட்ரோல் இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டோம். இருபுறமும் செம்பனை இருண்டு நிற்க, இருமுறை குலுங்கி, வண்டி நின்றுவிட்டது.

அந்த அரை மணி நேரத்தை நாம் மறப்பதற்கில்லை. சின்னம்மா நமது கையைப் பற்றிக்கொண்டு, "பயப்படாதே தம்பி" என்று நமக்குத் தேறுதல் கூறினார். மூச்சுக்குத் தவிப்பவர் அவர். தேறுதல் பெறுபவர் நாம்! மோட்டார் சைக்கிளில் அவ்வழி வந்த மலாய் இளைஞர் ஒருவர், எங்கேயோ சென்று ஒரு கலத்தில் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றி, பணமும் பெற்றுக்கொள்ளாமல் போய்விட்டார். சின்னம்மா பிழைத்துக்கொண்டார். இன்னும் சிறிது தாமதித்திருந்தால் கடினமாகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னபோது, நமது தலை நிமிரவில்லை.

மறுநாள் உறவினர் கூடினர். புறப்பட்ட வேளை சரியில்லை என்றார் ஒருவர். வண்டிக்குக் கண் பட்டிருக்கிறது என்றார் மற்றொருவர். எலுமிச்சம் பழமும் மிளகாயும் கோத்து வண்டியின் முன்புறம் கட்டியும் விட்டார்கள். அது நமக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். குற்றம் வேளையின் மேலும் கண்ணின் மேலும் போயிற்று. மூன்று மாதம் பாராமுகமாயிருந்த நம்மேல் ஒருவரும் சுமத்தவில்லை. மூடநம்பிக்கை ஏழைகளிடத்தும் கல்லாதாரிடத்துமே குடியிருக்கிறது என்று எண்ணுவோர் பலர். நாமோ அன்று கண்டது வேறு. தன் கடமையில் தவறியவன் எவனோ, அவனுக்கே அது மிகவும் இனிக்கிறது.

எலுமிச்சம் பழம் வாடிற்று, மானி தெளியவில்லை. இரண்டாவது பட்டறைக்குச் சென்றோம். மானி முழுவதையும் எறிந்துவிட்டு, உடைத்த வண்டியினின்று எடுத்த வேறொன்றை மாட்டுவதே வழி என்றனர். ஓடிய தூரத்தின் கணக்கு மானிக்குள்ளேயே பதிந்திருப்பது இத்தகைய வண்டிகளில் வழக்கம். ஆதலின், வேறொரு வண்டி ஓடிய தூரம் நமது வண்டியின் தூரமாகக் காட்சியளிக்கும். அது பொய்க்கணக்கன்றோ என்று கேட்டோம். "குறைவாகக் காட்டினால் உங்களுக்கு லாபந்தானே!" என்று சிரித்தனர். நாம் திரும்பிவிட்டோம்.

இந்நிலையில், சின்னம்மாவின் அண்டை வீட்டுப் பெண்ணொருத்தி மானியைத் தான் பார்ப்பதாகச் சொன்னாள். அவளுடைய பாட்டியார் பால் வெட்டியவர். தந்தையார் செம்பனைக் குலை அறுப்பவர். அவள் மின்னணுத் தொழில் பயில்கிறவள். "பெண்பிள்ளைக்குத் திருப்புளி எதற்கு? படித்தது போதும், கட்டிக்கொடுத்துவிடு" என்று உறவினர் வற்புறுத்த, தந்தையாரும் ஏறக்குறைய இசைந்திருந்த சமயம் அது.

அவள் முதலில் எதையும் கழற்றவில்லை, கேள்விகளே கேட்டாள். "ஐயா, விளக்கு எரிகிறதா? எழுத்து முழுவதும் மங்குகிறதா, சில கோடுகள் மட்டும் மறைகின்றனவா? குளிர்ந்த வேளையில் திரும்ப வருகிறதா? வெயிற்கண்ணாடி அணிந்துகொண்டு பார்த்தீர்களா?" கடைசிக் கேள்வி நமக்கு விளையாட்டாகத் தோன்றிற்று. சிலவகை வெயிற்கண்ணாடி வழியே பார்த்தால் பழுதில்லாத மானியும் கறுத்துத் தோன்றும் என்று அவள் விளக்கினாள். பிறகு பேட்டரியின் மின்னழுத்தத்தை அளந்தாள். இயந்திரம் ஓடாதபோது 12.6 வோல்ட்டும், ஓடும்போது 14 வோல்ட்டும் இருந்தன. ஆதலின் மின்சாரத்தில் குறையில்லை. விளக்குகளின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகையும் திருப்பிப் பார்த்தாள், அதிலும் குறையில்லை. இறுதியில் மானியின் முகக் கண்ணாடியை விரலால் மெல்ல அழுத்தினாள். மறைந்திருந்த கோடுகளில் இரண்டு கண்விழித்தன! விரலை எடுத்ததும் மறைந்தன. "இடம் தெரிந்துவிட்டது, ஐயா" என்றாள்.

அவள் விளக்கியதை நமது சொல்லிலே தருகிறோம். இத்தகைய மானியில் எழுத்து தானாக ஒளிவிடுவதில்லை. இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நீர்மப் படிகம் என்னும் பொருள் இருக்கிறது. 1888ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டுத் தாவர நூலறிஞர் பிரீடரிக் ரைனிட்சர், காரட் கிழங்கினின்று கிடைத்த பொருளொன்றை ஆராய்கையில், அது 145.5 பாகையில் உருகிக் கலங்கலாகவும், 178.5 பாகையில் தெளிவாகவும் ஆவதைக் கண்டார். அங்கிருந்து தொடங்கியது நீர்மப் படிகத்தின் கதை. அதில் மின்சாரம் பாயுமிடத்து அதன் அமைப்பு மாறுகிறது. முன்னும் பின்னும் ஒட்டியுள்ள ஒளி வடிகட்டும் ஏடுகள் அம்மாற்றத்தை நமக்கு எழுத்தாகக் காட்டுகின்றன.

எனவே பழுது நேரக்கூடிய இடங்களுள் முதன்மையானவை மூன்று. பின்விளக்கு கெட்டால், பகலில் தெரியும் எழுத்து இரவில் தெரியாது. ஒளி வடிகட்டும் ஏடு வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெட்டால், முகம் முழுவதும் பழுப்பேறும் அல்லது கறை படரும். சில வேளை பிரித்ததும் காடியின் புளித்த மணம் வீசும். மூன்றாவது, கண்ணாடிக்கும் மின்பலகைக்கும் இடையேயுள்ள தொடர்பு. அத்தொடர்பு ஒரு சிறு ரப்பர் கீற்று. மின்சாரம் பாயும் படலமும் பாயாத படலமும் வரிக்குதிரையின் கோடுகளைப்போல் அதில் மாறி மாறி அமைந்திருக்கும். வெயிலில் மூடிநிற்கும் வண்டியின் முன்தளம் 70 பாகை செல்சியசையும் தாண்டிச் சுடுவதுண்டு. ஆண்டுக்கணக்கில் அவ்வாறு சுட்டால் கீற்றின் அழுத்தம் தளரும். தொடுமிடத்தில் அழுக்கும் சேரும். கோடுகள் ஒவ்வொன்றாக மறையும்.

பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு, மானியை எடுத்துப் பிரித்தாள். பூதக்கண்ணாடியால் நோக்கினாள். அந்த வண்டியிலிருந்த பூதம் அது ஒன்றுதான்! கீற்றையும் அது தொடும் விளிம்புகளையும் ஆல்கஹாலில் நனைத்த துணியால், சுரண்டாமல், மெல்லத் துடைத்தாள். தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றைக் கெடுத்த சாராயத்தின் இனத்தான் ஒருவன் ஒரு நற்செயல் புரிவதை அன்றுதான் கண்டோம். அழுத்தம் போதுமாறு மெல்லிய அட்டை ஒன்றைப் பின்னே வைத்து மூடினாள். கோடுகள் அனைத்தும் பளிச்சென்று நின்றன. ஓடிய தூரத்தின் கணக்கும் உண்மை குன்றாமல் இருந்தது.

அருகிருந்து பார்த்த பாட்டியார், "இதுவும் நம் ரப்பர்தானா?" என்று கேட்டார். "இல்லை பாட்டி, இது மரத்துப் பாலில் ஆனதன்று, சிலிக்கன் ரப்பர்" என்றாள் பேத்தி. மலாக்காவில் டான் சே யான் என்பார் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் அது அசகானிலும் பரவிற்று. ரப்பரை நம்பி வந்த நம்மவர் தலைமுறை தலைமுறையாகப் பாலைச் சுமந்தனர். அந்தப் பால் என்னவாயிற்று என்பதை அறிய அவர்களுக்கு வாய்ப்பளித்தார் இல்லை. அத்தகைய குடும்பத்துப் பெண் இன்று ஒரு சிறு ரப்பர் கீற்றைக் கையிலேந்தி, இது இன்னது, இதன் வேலை இன்னது என்று சொல்லுகிறாள். இப்பெண்ணையா படித்தது போதும் என்பது?

பெரியார் 1929ஆம் ஆண்டில் மலாயாவிற்கு வந்து, எதையும் ஏன் என்று கேட்கச் சொன்னார். அக்கேள்வியை நாம் மேடைகளில் கேட்டோம்; நமது வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. எலுமிச்சம் பழம் கட்டியவர்களும், மானியை எறியச் சொன்னவர்களும், பிறகு பார்ப்போம் என்றிருந்த நாமும் ஓரினமே. திறந்து பார்க்கும் உழைப்புக்கு அஞ்சியவர்கள் நாம் அனைவரும்.

கூலி கொடுக்க முன்வந்தோம், அவள் மறுத்தாள். அவளுடைய தந்தையாரிடம் சென்று, நடந்ததை மறைக்காமல் சொல்லி, "உங்கள் மகள் மூன்று மாதத்திற்குமுன் அந்த மானியைத் தொட்டிருந்தால், சின்னம்மா அன்று நடுவழியில் தவித்திருக்கமாட்டார்" என்றோம். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "படிப்பு முடியட்டும், ஐயா, கல்யாணம் எங்கே போகிறது!" என்றார்.

சின்னம்மா இப்பொழுதும் நமது வண்டியில் ஏறும்போதெல்லாம் முதலில் குனிந்து மானியைப் பார்க்கிறார். நமக்கு நாணமாகத்தான் இருக்கிறது. ஆயினும், "பார்க்கவேண்டா" என்று நாம் சொல்வதில்லை.