நெல் விளையும் மண்ணிலிருந்து பனி விழும் மலைக்கு

மார்கழி விடியலில் நம் தஞ்சைத் தரணியின் நெற்கதிர்மீது முத்து முத்தாய்த் திரண்டு நிற்பதையே நாம் பனி என்கிறோம். மலை முகட்டில் முழங்கால் புதையக் குவிந்து கிடக்கும் வெண்மைக்கும் நம் மொழியில் அதே பெயர்தான். முன்னதைப் பார்த்தே வளர்ந்த நமக்குப் பின்னதையும் காணும் ஆவல் எழுவது இயல்பு. அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், இராஜகிரி, பண்டாரவாடை முதலிய நம் ஊர்களிலிருந்து சிங்கப்பூர், மலேசியா சென்று வாழும் சபராளிக் குடும்பங்களின் பிள்ளைகள், டிசம்பர் விடுமுறையில் ஜப்பானுக்குச் சென்று பனியில் சறுக்கிய படங்களை ஊருக்கு அனுப்புவதுண்டு. அவற்றைக் காணும் இங்குள்ள பிள்ளைகள், "நாம் எப்போது போவோம்?" என்று கேட்கத்தானே செய்வார்கள்!

ஜப்பானின் பனிக்கும் நம் வயலின் மழைக்கும் ஓர் உறவு முறை உண்டு. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து புறப்படும் கடுங்குளிர்க் காற்று, ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை முகந்து, எதிர்க்கரை மலைகளில் மோதிப் பனியாய்க் கொட்டுகின்றது. வங்கக் கடலின் ஈரத்தை முகந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகையில் நம் வயல்களில் மழையாய்ப் பொழிவதும் இத்தகைய ஏற்பாட்டினால்தான். 1911ஆம் ஆண்டில் லெர்ச் என்னும் ஆஸ்திரிய இராணுவ அதிகாரி ஜப்பானியருக்குப் பனிச்சறுக்கைக் கற்பித்தார். 1972இல் சப்போரோவிலும், 1998இல் நாகனோவிலும் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளை நடத்துமளவுக்கு அந்நாடு அக்கலையில் உயர்ந்தது.

ஆயினும் விசாவும் விமானக் கட்டணமும் எல்லோர்க்கும் எட்டுவன அல்ல. நம் நாட்டிலேயே அத்தகைய இடம் ஒன்று இருக்கின்றது. அதுவே காஷ்மீரத்தின் குல்மர்க். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்தப் புல்வெளிக்கு 'மலர்வெளி' என்னும் பொருள்படும் இப்பெயரைச் சூட்டியவர், பதினாறாம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட சுல்தான் யூசுப் ஷா சக் என்பர். 1927இல் ஆங்கிலேய அதிகாரிகள் இங்கே பனிச்சறுக்குக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். 1998இல் கம்பிவட ஊர்தியின் முதற்கட்டமும், 2005இல் அபர்வத் மலைத்தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை செல்லும் இரண்டாம் கட்டமும் திறக்கப்பட்டன. 2022இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற ஒரே வீரரான ஆரிப் கான், குல்மர்க்கின் அடிவாரமான தங்மர்க் பகுதியைச் சேர்ந்தவரே.

எப்போது செல்வது? நம்மவர்க்கு இதுதான் கடினமான கேள்வி. டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்பர். அதை ஒட்டி இருபது நாளும் பத்து நாளுமாகக் குளிர் படிப்படியாய்த் தணியும். சறுக்குவதற்கு ஏற்ற ஆழமான பனி ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய அமையும். நமக்கோ அது சம்பா அறுவடைக் காலம்! அறுவடை எந்திரத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் அலைய வேண்டிய நாளில் குடும்பத் தலைவர் எப்படி ஊரை விட்டு நகர்வார்? பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை கிடைக்கும் டிசம்பர் இறுதியிலோ பனி உறுதியில்லை. 2026இல் ரமளான் தொடக்கம் பிப்ரவரி மூன்றாம் வாரம். 2027இல் அது பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்கே வந்துவிடும். பெருநாளுக்குப் பின், மார்ச் மாதக் கடைசியில் சென்றால் கீழ்ச்சரிவில் பனி கரையத் தொடங்கியிருக்கும், மேல்நிலையத்தில் காணலாம். ஆகவே பனியின் நாட்காட்டி, வயலின் நாட்காட்டி, பள்ளியின் நாட்காட்டி, ஹிஜ்ரி நாட்காட்டி ஆகிய நான்கையும் அருகருகே விரித்துவைத்த பிறகே பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

வழி முன்னைவிட எளிதாகியுள்ளது. 2025ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரமுள்ள செனாப் பாலத்தின் வழியே கத்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே இரயில் தொடங்கப்பட்டது. சென்னையிலிருந்து கத்ரா வரை இரயிலில் சென்று, அங்கிருந்து வேறு வண்டியில் ஏறி மூன்று மணி நேரத்தில் பள்ளத்தாக்கை அடையலாம். அதே ஆண்டு ஏப்ரல் 22இல் பஹல்காமில் 26 அப்பாவிகள் படுகொலை செய்யப்பட்ட கொடுமையை நாடு மறக்கவில்லை. பயணிகளைக் காக்க முயன்ற உள்ளூர்க் குதிரைக்காரர் ஒருவரும் அதில் உயிரிழந்தார். எனவே புறப்படுமுன் அரசின் அறிவிப்புகளைக் கேட்டறிவது அவசியம்.

தஞ்சை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றது. இங்கிருந்து செல்பவர் முதல்நாளே அபர்வத்துக்கு ஏறுவது உடலுக்கு நல்லதன்று. இதய நோயோ மூச்சுத் திணறலோ உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேளாமல் மேல்நிலையத்துக்குச் செல்லலாகாது. புதியவர்கள் ஊர்தி நிலையத்தை அடுத்த சமச்சரிவிலேயே பழக வேண்டும். காலணி, பலகை, கைத்தடி யாவும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். கம்பளி உள்ளாடையும் நீர் புகாக் கையுறையும் நாமே கொண்டுசெல்வது நலம். இரு காலுக்கும் தனித்தனிப் பலகை பூட்டும் ஸ்கீயானாலும், ஒரே பலகையில் இரு காலையும் பூட்டும் ஸ்னோபோர்டானாலும், முதற்பாடம் விழுந்தெழக் கற்பதே. குறியிட்ட எல்லையைத் தாண்டாதீர்கள். 2023 பிப்ரவரியில் அபர்வத் சரிவில் பனிப்பாறை சரிந்து போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர்.

உளூவுக்குக் குளிர்ந்த நீர் என்று தொழுகையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தோல் காலுறைமீது மஸ்ஹு செய்யவும், பயணத்தில் சுருக்கித் தொழவும் மார்க்கம் இடமளித்திருக்கின்றது. அதன் நிபந்தனைகளை ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொண்டே புறப்படுங்கள்.

இறுதியாக ஒன்று. காஷ்மீரிகளும் நம்மைப் போலவே சோறுண்ணும் மக்கள். அவர்களும் ஜூன் மாதத்தில்தான் நாற்று நடுகின்றனர். நமக்கு மேட்டூர் அணை எப்படியோ, அவர்களுக்கு மலைமேல் கிடக்கும் பனி அப்படி. அது உருகித்தான் ஜீலம் நதி நிறைய வேண்டும். 2024 ஜனவரியில் குல்மர்க்கின் சரிவுகள் பனியின்றிப் பழுப்பேறிக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுகள் பனிக்குறைவால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. 2016இல் மேட்டூர் அணை செப்டம்பரில் திறக்கப்பட்டும் சம்பா கருகியதைக் கண்ட நம் விவசாயிக்கு அந்த மலைவாசியின் கவலையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அன்பர்களே, கடன்பட்டுச் செல்லாதீர்கள், சேமித்துச் செல்லுங்கள். சறுக்குவண்டி இழுப்பவரிடமும் வழிகாட்டியிடமும் கூலியை முன்கூட்டியே பேசுங்கள், பேசியபின் குறைக்காதீர்கள். பனி பொய்த்த ஆண்டு அவர் அடுப்பும் நம் அடுப்பைப் போலத்தான் அணைந்திருக்கும். பனியே விழாத நாளில் நீங்கள் போய்ச் சேர்ந்தால், பணம் வீணாயிற்று என்று வருந்தாமல், அவர் வீட்டு வாசலில் அமர்ந்து உப்புத் தேநீர் அருந்தி, இரண்டு ஊர்களின் தண்ணீர்க் கதையைப் பேசிவிட்டு வாருங்கள்.