ஆலையருகில் ஒரு மனை

பொதியமலையில் தோன்றும் பொருநையாறு பாபநாசத்தருகே மலையை விட்டிறங்கிச் சமநிலத்தை அடைகின்றது. அவ்விடத்திற்கு அணித்தாக அமைந்துள்ளது எம்மூராகிய விக்கிரமசிங்கபுரம். புலவர்கள் இதனைச் 'சிங்கை' எனச் சுருக்கி வழங்குவர். சிவஞான மாபாடியமும் தொல்காப்பியச் சூத்திர விருத்தியும் அருளிய மாதவச் சிவஞான முனிவர் பிறந்தது இவ்வூரிலேயாம். அவர் மறைந்தது 1785-ஆம் ஆண்டு. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1880-களில், ஹார்வி சகோதரர் இருவரின் பஞ்சாலை இவ்வாற்றங்கரையில் எழுந்தது. அன்று தொட்டு எம்மூர், புலவர் பிறந்த ஊர் என்பதினும் ஆலையூர் என்றே பலராலும் அறியப்படலாயிற்று.

ஆலை இவ்விடத்தை நாடி வந்ததற்குக் காரணம் உண்டு. நெல்லைச் சீமையின் கரிசல் நிலங்கள் பருத்தி விளைவிப்பன. தூத்துக்குடித் துறைமுகமும் எட்டாத் தொலைவினதன்று. எனினும், பாபநாசத்தையே தேர்ந்தமைக்குத் தலையாய காரணம் மலையினின்று விழும் நீரின் விசையேயாகும். நெடுந்தொலைவிலிருந்து நிலக்கரி கொணர்ந்து எரிப்பதினும், விழும் நீரைக் கொண்டு பொறிகளைச் சுழற்றுதல் செலவிற் குறைந்ததன்றோ? பின்னர் அதே நீரைக் கொண்டு மின்னாற்றல் பெறும் திட்டம் வகுக்கப்பெற்று, 1944-ஆம் ஆண்டில் பாபநாச மின்னிலையம் இயங்கத் தொடங்கிற்று. இங்ஙனம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் எம்மூர் இரண்டு பெருந்தொழில்களுக்கு அண்டை வீடாயிற்று.

பெருந்தொழில் ஒன்று வந்தமர்ந்த சிற்றூரின் நிலை யாதாகும்? முதலில் வேலை நாடி மக்கள் வருவர். பின்னர் அவர்க்குச் சோறிடுவார் வருவர். அதன்பின் வாடகை வீடுகள் எழும். ஈற்றில் நிலத்தின் விலை ஏறும். என் பாட்டனார் முதல் வகையினர். சாத்தான்குளத்துத் தேரிக்காட்டில் மழையை நம்பிப் பயனில்லை என்று கண்டு, 1958-ஆம் ஆண்டில் ஒரு தகரப்பெட்டியுடன் இவ்வூர்க்கு வந்தார். எட்டாண்டுகள் வாடகைக் குடிசையில் வாழ்ந்தார். 1966-ஆம் ஆண்டில் ஆலையில் பெற்ற போனசுப் பணத்தோடு, பாட்டியாரின் பாம்படத்தை விற்ற பணத்தையும் சேர்த்து ஆறு சென்ட் நிலம் வாங்கினார். பாம்படம் கழன்ற காதுகள் பாட்டியார் மறையுமளவும் வெறுமையாகவே தொங்கின. அதுபற்றி வினவினால், "காதில் கிடந்தது காலுக்குக் கீழே வந்துவிட்டது, இனி எந்தத் திருடன் கொண்டுபோவான்?" என்று நகைப்பார்.

நிலத்தின் விலை ஏறும் என்ற எண்ணம் என் பாட்டனார்க்கு இருந்ததா என்று ஒருகால் தந்தையாரைக் கேட்டேன். "விலையைப் பற்றி அவர் பேசக் கேட்டதில்லை. ஆலைச் சங்கு ஊதினால் பத்து நிமிடத்தில் வாயிலை அடையலாம். பின்புறம் வாய்க்கால் உண்டு. பிள்ளைகட்குப் பள்ளிக்கூடம் நடக்கும் தொலைவில் இருந்தது. இம்மூன்றையும் பார்த்தே வாங்கினார்" என்றார். அம்மூன்றனுள் ஆலை ஒன்றே. ஏனைய இரண்டும் ஆலையைச் சார்ந்தன அல்ல. முன்னாளில் முறைக்கு முறை தெருவை நிறைத்துச் சென்ற தொழிலாளர் கூட்டம் இப்பொழுது இல்லை என்பதை ஊரார் அனைவரும் அறிவர். ஆயினும் எம் தெரு பாழ்படவில்லை. ஆலைக் கூலியில் கற்ற பிள்ளைகள் ஆசிரியராகவும் செவிலியராகவும் எழுத்தராகவும் ஆயினர். ஆலையை மட்டும் நம்பி அத்தெரு எழுந்திருந்தால் அதன் கதி வேறாயிருக்கும்.

இதற்கு மறுதலையான ஒரு வரலாறும் எம்மூர்க்கு அருகிலேயே உளது. மணிமுத்தாற்றிற்கு மேலே மாஞ்சோலை மலையில், சிங்கம்பட்டி ஜமீன் நிலம் 8,374 ஏக்கரைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் 1929-ஆம் ஆண்டில் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றுத் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக 'லயன்' எனப்படும் தோட்ட வீடுகளிலே வாழ்ந்தனர். வேலை உள்ளவரை வீடு உண்டு. வேலை நீங்கின் வீடும் நீங்கும். குத்தகை 2028 வரை இருந்தும், 2024-ஆம் ஆண்டிலேயே அக்கழகம் தோட்டத் தொழிலை நிறுத்த முற்பட்டு, தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு அளித்தது. மலையினின்று இறங்கிய குடும்பம் ஒன்று எம் வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறது. அக்குடும்பத்து மூதாட்டியார் ஒருநாள் என் தாயாரிடம், "நாற்பது வருடம் பெருக்கின முற்றம், அம்மா, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் வைத்த எலுமிச்சை அங்கேதான் நிற்கிறது" என்று கூறியதைக் கேட்டேன். என் பாட்டியாரும் இவரும் ஏறத்தாழ ஒரே அளவு உழைத்தவர். ஒருவர்க்கு ஆறு சென்ட் இருந்தது. மற்றவர்க்கு ஒரு சாணும் இல்லை.

இவ்வாண்டு என் தந்தையார் ஆலைப் பணியினின்று ஓய்வு பெற்றார். பணிக்கொடையும் வைப்புநிதியும் சேர்ந்து, எம் குடும்பம் முன்பு ஒருங்கே கண்டிராத தொகையொன்று கைக்கு வந்தது. செய்தியறிந்து திருநெல்வேலியிலிருந்து மாமா வந்தார். கங்கைகொண்டானில் அரசின் தொழிற்பேட்டை உளது. அங்கே சூரிய மின்கலங்களும் மின்தகடுகளும் செய்யும் டாட்டா குழுமத்தின் பெருந்தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. அதனைச் சுற்றிலும் காடுகள் மனைகளாகி வருகின்றன. மாமா கையில் மனைப்பிரிவின் வரைபடமும், மாதிரிப் பத்திரமும் இருந்தன.

"அத்தான், வங்கியில் கிடக்கும் பணம் உறங்கும்; அங்கே போட்டால் வளரும். நான்கு மனை வாங்கிப் போடுங்கள். ஐந்து வருடம் கழித்து இரண்டை விற்றால் மகளின் நர்சிங் படிப்புக்கும் கலியாணத்துக்கும் ஆகும். உங்கள் அப்பா ஆலையருகில் வாங்கவில்லையா?"

"மாப்பிள்ளை, நீர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்" என்ற தந்தையார், அலமாரியிலிருந்து பாட்டனாரின் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்து வந்து, அதனையும் மாமா கொணர்ந்ததனையும் என்னிடம் நீட்டி, "தம்பி, தமிழ் படிக்கிறவன் நீ, இரண்டிலும் நான்கு மாலை மட்டும் உரக்கப் படி" என்றார்.

நிலத்தின் நான்கு எல்லைகளை 'நான்கு மால்' என எழுதுவது எம் பக்கத்துப் பத்திர வழக்கு. பாட்டனாரின் பத்திரத்தில், வடக்கே வாய்க்கால், தெற்கே பொதுப் பாதை, கிழக்கே தச்சர் ஒருவரின் வீடு, மேற்கே மூதாட்டி ஒருவரின் வாழைத்தோட்டம் என்றிருந்தது. அத்தச்சரின் பேரன் என் பள்ளித் தோழன். அவ்வாழைத்தோட்டம் நின்ற இடத்தில்தான் என் தங்கை பிள்ளைகட்குப் பாடம் சொல்லித் தருகிறாள். மற்றதில், வடக்கே 8-ஆம் மனை, தெற்கே 30 அடிப் பாதை, கிழக்கே 22-ஆம் மனை, மேற்கே 24-ஆம் மனை என்றிருந்தது. படித்து முடித்தபின் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை. மாமாதான் முதலில், "எந்த ஊரும் முதலில் எண்தானே, அத்தான்? ஆள் வந்தால் பெயர் வரும்" என்றார். அக்கூற்றிலும் உண்மை இருந்ததை நான் மறுக்கவில்லை.

ஆதலின் நேரில் கண்டு வருவோம் என்று மூவரும் சென்றோம். சீமைக்கருவேல் வெட்டிய பொட்டலில் வரிசையாக மஞ்சட் கற்கள் நின்றன. வாங்கியவர் பலர் வெளியூரார் என்றும், அவருள் ஒருவரும் வீடு கட்டவில்லை என்றும் தரகர் பெருமையாகவே கூறினார். குடிநீர் எவ்வழி வரும் என்று தந்தையார் கேட்டதற்கு, "லாரியில் வரும் ஐயா" என்றார். ஆலையில் வேலை செய்வோர் எங்கே தங்குகின்றனர் என்று கேட்டதற்கு, நெல்லையிலிருந்து பேருந்தில் வந்து போகின்றனர் என்றார்.

இஃது எம் நாட்டிற்கே உரிய செய்தியன்று. மணிமேகலைக் காப்பியத்தில் சாவகம் என்னும் நாடு பேசப்படுகிறது. அச்சாவகத்தைத் தன்னுட் கொண்ட இந்தோனேசியா, தன் தலைநகரை ஜகார்த்தாவினின்று கலிமந்தான் தீவிற்கு மாற்றப் போவதாக 2019-ஆம் ஆண்டில் அறிவித்தது. புதிய நகர்க்கு நுசாந்தரா என்று பெயர். அது அமையும் செப்பாக்குப் பகுதியில், 1970-களில் சாவகத்திலிருந்து அரசால் குடியேற்றப்பெற்ற உழவர் பலர் வாழ்கின்றனர். அறிவிப்பு வந்ததும் நிலத்தின் விலை விரைந்து ஏறிற்று. நிலத்தில் வாழ்வார்க்கும் நிலத்தை வாங்கி வைப்பார்க்கும் இடையே எழும் வேற்றுமை, கடல் கடந்தும் ஒருதன்மைத்தாகவே உளது. ஒருவர்க்கு அது காலூன்றும் இடம். மற்றவர்க்கு அது காத்திருக்கும் பணம்.

காத்திருக்கும் பணம் தீதென்று கூறுதல் என் கருத்தன்று. மகளைக் கரையேற்ற வேண்டிய தந்தைக்கு அதுவும் ஒரு வழியே. ஆனால், வாங்கியோர் அனைவரும் காத்திருப்பின் அங்கே வாழ்வார் யார்? வாழ்வார் இல்லாத இடத்திற்குப் பள்ளியும் வாராது, குழாய்நீரும் வாராது, பேருந்தும் நில்லாது. ஒருநாள் தொழிற்சாலை தளர்ந்தால் ஆங்கே எஞ்சுவது மஞ்சட் கற்களே. பாட்டனாரின் ஆறு சென்ட் மதிப்புற்றது, அதன் நான்கு மாலிலும் மனிதரும் நீரும் வழியும் இருந்தமையாலன்றோ?

மாமா இரண்டு மனை வாங்கினார். விலை ஏறின் யாவரும் மகிழ்வோம். தந்தையார் வாங்கவில்லை. தங்கையின் நான்காண்டுப் படிப்பிற்கு வேண்டிய தொகையை வங்கியில் ஒதுக்கினார். எஞ்சியதில் ஒரு பகுதியைக் கொண்டு பின்கட்டைப் பழுதுபார்த்து, மாஞ்சோலைக் குடும்பத்திற்குத் தனி வாயிலும் தனிக் குழாயும் அமைத்தார். வாடகை ஒப்பந்தத்தை எழுதும் பணி எனக்கு வந்தது. எல்லை எழுதும் இடத்தில், வடக்கே வாய்க்கால் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அம்மூதாட்டியார் அவ்வாய்க்காலின் ஓரத்தில் குனிந்து ஓர் எலுமிச்சங் கன்றிற்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார். "ஐயா, இது வளர்ந்து காய்க்க நாலு வருடம் ஆகும், அதுவரை இருக்கலாமா?" என்று தந்தையாரைக் கேட்டார். 'பதினொரு மாதம்' என்று நான் எழுதியிருந்ததைத் தந்தையார் அடித்துவிட்டு, 'ஐந்து ஆண்டு' என்று தம் கையாலேயே எழுதினார்.