பணத்தால் மீளாத பெயர்கள்

பழம்பொருளைப் பேணப் பொருளுதவி செய்வோர் அதனைத் தம்மோடு எடுத்துச் செல்வதே முன்னாளில் பெருவழக்காயிருந்தது. தமிழ் ஓலைச்சுவடிகள் பல இன்று ஐரோப்பிய நூலகங்களில் உறங்குகின்றன. எனவே, அயல்நாட்டு நிதி என்றதும் நமக்கு ஐயம் எழுவது இயல்பே.

ஆயின், லண்டன் பிரிட்டிஷ் நூலகம் ஆர்க்கேடியா அறநிதியத்தின் துணையோடு 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய 'அழிவை எதிர்நோக்கும் ஆவணங்கள் திட்டம்' வேறொரு நெறியை வகுத்தது. மூல ஆவணம் தன் நாட்டை விட்டு வெளியேறலாகாது. மின்படிகள் உள்நாட்டு நிறுவனம் ஒன்றிலும் லண்டனிலும் வைக்கப்படும். ஆய்வின் பொருட்டு அவற்றைக் கட்டணமின்றிக் காணலாம்.

இந்நிதியைக் கொண்டு, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட புகைப்படங்களைத் தேடிப் படியெடுத்தது. கூடத்துச் சுவரில் தொங்கும் மணமக்கள் படமும் வரலாற்று ஆவணமே என்பதை இப்பணி நமக்கு உணர்த்துகிறது.

நம் இல்லங்களில் நிகழ்வது யாது? வெள்ளையடிக்கும் நாளில் பாட்டனார் படம் பரணுக்கு ஏறுகிறது. அங்கே செல்லுக்கு இரையாகிறது. நம் குடும்பப் படம் ஒன்றில் ஐவர் நிற்கின்றனர்; அவர்களுள் மூவரின் பெயரே நமக்குத் தெரியும். நிதியால் கருவிகளை வாங்கலாம். பணியாளருக்கு ஊதியம் வழங்கலாம். மறந்துபோன பெயரை மீட்க எந்த நிதியாலும் இயலாது.

ஆதலின், முதியோர் நம்மோடிருக்கும்போதே அவர்களைக் கேட்டறிந்து, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வைப்போமாக. இதற்கு எவரிடமும் நாம் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.