கஷாயம் மருந்தா, சாப்பாடா?

நைனார்பாளையம் பக்கத்து ஊர்களிலிருந்து, மக்காச்சோளக் கொல்லையில் களையெடுத்த கையோடு சர்க்கரை மாத்திரை வாங்க வரும் வயதான பெண்களிடம் மருத்துவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடறீங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.”

பதிலில் பொய் இல்லை. விடியற்காலையில் மோரில் கலக்கிக் குடித்த சிறுகுறிஞ்சான் பொடி அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. மருந்தென்றால் மாத்திரை, ஊசி, குளுக்கோஸ். பொடியும் கஷாயமும் வாய்க்கும் வயிற்றுக்கும் போகிற பண்டம். அனுபவப்பட்ட மருத்துவர் அதனால் ‘மருந்து’ என்ற சொல்லையே விட்டுவிடுகிறார். “சர்க்கரைக்கு வீட்ல என்ன போட்டுக்குறீங்க ஆயா? வெந்தயமா, ஆவாரம்பூவா, சிறுகுறிஞ்சானா?” என்று பேர் சொல்லிக் கேட்கிறார். “சிறுகுறிஞ்சாந்தாங்க. மலையிலிருந்து கொண்டாந்து குடுத்தாங்க” என்று கல்வராயன் மலை வரைக்கும் கதை நீளும். டாக்டருக்கும் இலையின் பேர் தெரிந்திருக்கிறதே என்ற ஆச்சரியத்தில் பாதிக் கூச்சம் போய்விடும்.

தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் வெறும் ஆர்வமல்ல. சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்கக் கூடியது. கிளிமெபிரைடு மாத்திரை கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். இரண்டும் சேர்ந்து, கூழ் குடிக்க நேரமாகிவிட்டால், வியர்த்து, கை நடுங்கி, வரப்பிலேயே மயங்கி விழலாம். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அந்த ஆபத்து குறைவு. ஆக, ‘பொடியை நிறுத்து’ என்று எல்லோருக்கும் ஒரே உத்தரவு போட வேண்டியதில்லை. யாருக்கு மாத்திரை அளவைக் குறைப்பது, யாரை விரல் குத்திப் பார்க்க அடிக்கடி வரச் சொல்வது என்று முடிவெடுக்க, பொடி விஷயம் முதலில் வெளியே வர வேண்டும்.

மறைப்பது கிராமத்துப் பழக்கம் என்று நினைத்தால் தவறு. அமெரிக்காவில் டேவிட் ஐசன்பெர்க் குழுவினர் 1990-இல் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒருவர் ஏதாவதொரு மாற்று மருத்துவத்தை நாடியிருந்தார். அவர்களில் 72 சதவீதம் பேர் தங்கள் டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. நம் ஊரில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு: திட்டு. வரிசையில் நிற்கும் இருபது பேர் காதில் விழும்படி “பச்சிலை குடிச்சிட்டு இங்க ஏன் வந்தே?” என்று ஒருமுறை கேட்டால் போதும். அந்தக் குடும்பத்திலிருந்து எவரும் பிறகு வாய் திறக்க மாட்டார்கள்.

‘அதெல்லாம் சும்மா’ என்று தமிழ்நாட்டு அரசு மருத்துவர் ஒதுக்கவும் முடியாது. பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் பக்கத்து அறையிலேயே சித்த மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். 2012 டெங்குக் காலத்தில் நிலவேம்புக் குடிநீரையும், 2020-இல் கபசுரக் குடிநீரையும் அரசே ஊற்றிக் கொடுத்தது. ஐந்தரை ஆண்டு சித்தா படித்து வந்தவரின் மருந்தும், சந்தையில் பேர் ஒட்டாமல் விற்கும் மூட்டுவலிப் பொடியும் ஒன்றல்ல என்பதை நோயாளிக்குப் பிரித்துச் சொல்வதுதான் பயன் தரும். அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் வலி பறந்து, சில மாதத்தில் முகம் உப்பினால் சந்தேகப்பட வேண்டும். அதைத் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து என்பதால், ‘தூக்கிப் போடு’ என்று கத்துகிற மருத்துவரும் தப்புச் செய்கிறார்.

பேச்சுத் திறமைக்கு உண்மையான பரீட்சை மஞ்சள் காமாலை. கீழாநெல்லியை அரைத்து விழுங்கி, உப்பில்லாப் பத்தியம் இருந்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். இந்தக் கீழாநெல்லியை விஞ்ஞானம் ஒதுக்கவில்லை. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு, நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்கோடு சேர்ந்து, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களிடம் அதைச் சோதித்து, 1988-இல் ‘லான்செட்’ இதழில் எழுதியது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இரண்டு பாதியையும் சொல்கிற மருத்துவரை நோயாளி நம்புவார்.

பச்சிலைக்குப் பேர் வந்த விதமும் மர்மமல்ல. தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே வடிந்துவிடும். புகழ் இலைக்குப் போகும். பித்தக்குழாயில் கல் அடைத்து வந்த காமாலை அப்படி வடியாது. கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் இ வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் மருத்துவர் இலையோடு சண்டை போடாமல் கெடு வைக்கிறார்: “இன்னிக்கு ரத்தம் குடுங்க. அடுத்த வாரம் மறுபடி பாக்கலாம். நடுவுல வாந்தி நிக்காம, தூக்கமாவே இருந்தாலோ, மாசமா இருந்தாலோ, ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க.”

பாம்புக்கடிக்குக் கெடு கிடையாது. கடிக்கிற பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப்பாம்பும் சில வேளை விஷத்தை இறக்காமல் கடிக்கும். மந்திரித்தவர் பிழைக்க வைத்த கதைகள் அங்கேதான் பிறக்கின்றன. வேர் கொடுப்பவர்கள் எடுக்கும் ஈஸ்வரமூலியில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டலோக்கிக் அமிலம் இருக்கிறது. கண்ணாடி விரியன் விஷம் குறிவைப்பதும் சிறுநீரகத்தைத்தான். பச்சிலைக்குக் கூட்டிப் போகிறோம் என்று உறவினர் பிடிவாதம் பிடிக்கும்போது, வாதாடுவதைவிட ஒரு கண்ணாடிக் குழாய் நன்றாகப் பேசும். நோயாளியின் ரத்தத்தை அதில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துக் காட்டினால், விரியன் விஷம் ஏறியிருக்கும்போது உறையாமல் தண்ணீராக ஓடும். “பாத்தீங்களா, ரத்தம் கட்டவே இல்ல” என்றதும் வண்டிச் சாவி சட்டைப் பைக்குள் திரும்பிவிடும். பாம்புக்கடியை 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஆஸ்பத்திரிக்கு வராத கடி அந்தக் கணக்கில் ஏறாது.

இத்தனைக்கும் ஓ.பி. சீட்டில் நாட்டு மருந்துக்கென்று தனியிடம் இல்லை. மாத்திரைப் பேருக்குக் கீழே “சிறுகுறிஞ்சான், காலை ஒரு ஸ்பூன்” என்று மருத்துவரே ஒரு வரி எழுதிவிட்டால், அடுத்த மாதம் வேறு டாக்டர் உட்கார்ந்திருந்தாலும் தெரியும். வருகிறவர்களும் மாத்திரை அட்டையோடு அந்தப் பொடிப் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.