பைண்டிங் கடைப் பையனின் அரங்கம்

லண்டனில் கிரீன் பார்க் பாதாள ரயில் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் ஆல்பமார்ல் தெரு. அங்கே வரிசையாகத் தூண்கள் நிற்கும் கட்டடம்தான் ராயல் இன்ஸ்டிட்யூஷன். 1799-ல் தொடங்கிய அறிவியல் நிறுவனம்.

உள்ளே, அரைவட்டமாக மேலேறும் இருக்கைகள். எதிரே ஒரு நீண்ட மேசை. 1812-ல் ஹம்ப்ரி டேவியின் அறிவியல் உரையைக் கேட்க ஓர் இளைஞர் இங்கே வந்தார். புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகியவர். டிக்கெட் கொடுத்தது, கடைக்கு வந்த வாடிக்கையாளர். கேட்டதையெல்லாம் எழுதி, தானே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே இங்கு உதவியாளர் வேலை! அவர்தான் மைக்கேல் ஃபாரடே.

சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் உரைகள் இந்த அரங்கில் 1825-ல் தொடங்கின. ஃபாரடே மட்டும் 19 முறை நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டே வேதியியலைப் புரியவைத்தார்.

அந்த மேதைக்கும் ஒரு குறை இருந்தது. உயர் கணிதம் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. மின்காந்தம் பற்றிய அவரது எண்ணங்களைச் சமன்பாடுகளாக்க மேக்ஸ்வெல் வர வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸ் உரைக்குக் கணிதமே தலைப்பானது 1978-ல்தான். பேசியவர், வார்விக் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஸீமன். அந்த உரைக்குக் கிடைத்த வரவேற்பால், 1981-ல் பள்ளி மாணவர்களுக்கான கணித ‘மாஸ்டர்கிளாஸ்’ வகுப்புகள் பிறந்தன. பின்னர் பிரிட்டனின் பல ஊர்களுக்கும் பரவின. பாடப்புத்தகத்தில் இல்லாத கணிதத்தைப் பிள்ளைகள் தாங்களே போட்டுப் பார்க்கிறார்கள்.

ஃபாரடேக்குக் கிடைக்காத கணிதம், அவர் பேசிய அரங்கிலிருந்தே பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.