அன்று நான் நிற்கவில்லை

சிக்மகளூர் மலைகளில் நடந்த 80 கிலோமீட்டர் ஓட்டமொன்றில், குளிரில் நடுங்கியபடி பாதையோரம் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்தும் விட்டுவிட்டு ஓடினேன். அடுத்த எய்டு ஸ்டேஷனில் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. பிறகு கேட்டவர்களிடம், அவரைப் பார்க்கவே இல்லை என்று பொய் சொன்னேன். இந்த மூன்றையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். சுருக்கினால் எனக்குச் சாதகமாகத்தான் சுருக்குவேன் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஓட்டங்களைப் பற்றி அறியாதவர்களுக்குச் சில வரிகள். மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்தத் தூரமும் அல்ட்ராதான். ட்ரெயில் அல்ட்ரா என்றால் தார்ச்சாலை கிடையாது. காட்டுத்தடமும் எஸ்டேட் ஜீப் பாதையும் சேறும் ஏற்றமுமாகவே பகல் முழுக்கப் போகும். வழியில் தண்ணீரும் உணவும் தரும் எய்டு ஸ்டேஷன்களைக் குறித்த நேரத்துக்குள் கடந்தாக வேண்டும். அந்தக் கெடுவைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். தவறினால் அங்கேயே ஓட்டம் முடிந்தது. பெயருக்கு எதிரே டி.என்.எஃப்., அதாவது ‘முடிக்கவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில் 100 மைலுக்கு 30 மணி நேரம் தருகிறார்கள். பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மோன் பிளாங் மலையைச் சுற்றிவரும் யு.டி.எம்.பி.யில் ஏறத்தாழ 170 கிலோமீட்டருக்கு 46 மணி 30 நிமிடம். முன்னால் ஓடுகிறவர்களுக்குப் போட்டி ஒருவருக்கொருவர். என்னைப் போல் பின்வரிசையில் ஓடுகிறவர்களுக்குக் கட்-ஆஃப்தான் போட்டி.

அன்று காலையிலிருந்தே தூறல். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே காபிச் செடிகளை உரசியபடி ஓடியதில் உடை முழுக்க நனைந்திருந்தது, காலுறைக்குள் அட்டை. பிற்பகலில் மேட்டுப்பாதையில் ஏறியபோது மூடுபனியோடு காற்றும் சேர்ந்துகொண்டது. அடுத்த கட்-ஆஃபுக்குச் சில நிமிடங்களே எனக்குக் கையிருப்பு. அப்போதுதான் ஒரு பாறையின் மேல் அவர் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். காலையில் புறப்படும் இடத்தில் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர், என்னைவிட மூத்தவர். ரெயின் ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். ஆனால் ஜிப்பை மேலே இழுக்க விரல்கள் ஒத்துழைக்கவில்லை. இழுக்க முயல்வதும் கை நழுவுவதுமாக இருந்தார்.

“சார், ஓகேவா?” என்று கேட்டேன். கேட்டபோது என் கால்கள் நிற்கவில்லை. அவர் தலையசைத்தார். ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது. “பின்னாடி ஆள் வருது சார், மெதுவா வாங்க” என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன்.

அந்தக் குழறலையும் நழுவிய விரல்களையும் நான் கவனித்தேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அவற்றின் பொருள் எனக்குத் தெரியாமலும் இல்லை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. அதற்கு உறைபனி தேவையில்லை. ஈர உடை, காற்று, தீர்ந்துபோன உடல்சக்தி மூன்றும் சேர்ந்தால் நம் மலைகளிலும் வரும். ஓடிக்கொண்டிருக்கும்வரை தசைகளே உடலைச் சூடாக வைத்திருக்கும். களைத்து உட்கார்ந்தால் அந்தச் சூடு சீக்கிரம் போய்விடும். முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் சொன்னபடி கேட்காமை, பேச்சுக் குழறல், புத்தி மங்கல். நடுக்கம் நின்றுபோனால் நிலைமை இன்னும் மோசம். இதையெல்லாம் படித்திருந்தேன், புதிதாக ஓட வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். என் முதுகுப் பையில் பிரிக்காத அவசரப் போர்வை ஒன்று இருந்தது. அதைப் பிரித்து அவர் தோளில் சுற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அடுத்த எய்டு ஸ்டேஷனைக் கட்-ஆஃபுக்குள் எட்டிவிட்டேன். தன்னார்வலர்கள் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கை உப்பில் தொட்டுத் தின்றேன். “மேலே ஒருத்தர் உட்கார்ந்திருக்கார், ஆள் அனுப்புங்க” என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. “நீங்க ஏன் அவரை விட்டுட்டு வந்தீங்க?” என்று திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம். பாதையில் நிற்காததற்குக் களைப்பு, அவசரம் என்று ஏதாவது சாக்கு உண்டு. இங்கே வாய் திறக்காததற்கு ஒரு சாக்கும் இல்லை. ஒரு மனிதரின் உயிரைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது. கடைசி ஓட்டக்காரருக்கும் பின்னால் ஸ்வீப்பர் வருவார் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசி ஆளுக்கும் பின்னால் வருகிறவர் எப்போது அந்த இடத்துக்கு வந்து சேர்வார் என்பதை யோசிக்கவில்லை, யோசிக்க விரும்பவில்லை.

எனக்குப் பின்னால் வந்த இருவர் நின்றார்கள். ஒருவர் அவரை அவசரப் போர்வையில் சுற்றி, தன் காய்ந்த பனியனை மாட்டிவிட்டு, அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். மற்றவர் ஓடிப்போய் ஜீப்பை அழைத்துவந்தார். அவர் பிழைத்தார். அந்த இருவருக்கும் கட்-ஆஃப் போயிற்று. முடிவுப் பட்டியலில் அவர்கள் பெயருக்கு எதிரே டி.என்.எஃப். என் பெயருக்கு எதிரே ஓட்டத்தை முடித்த நேரம். அன்றிரவு சாப்பாட்டில், “நீங்களும் அந்தப் பக்கம்தானே அப்போ வந்தீங்க, பார்க்கலையா?” என்று ஒருவர் கேட்டார். “பனியில ஒண்ணும் தெரியல” என்றேன்.

அந்தப் பொய்யோடு நெடுநாள் இருந்தேன். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில், மஞ்சளாற்றுக் கல்வனப் பகுதியில் நடந்த 100 கிலோமீட்டர் ஓட்டத்தைப் பற்றிப் பின்னர் விரிவாகப் படித்தபோது என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. 172 பேர் கலந்துகொண்ட ஓட்டம். மலையேற்றத்தில் திடீரெனக் குளிர்காற்றும் ஆலங்கட்டி மழையும் தாக்கின. காற்றுத் தடுப்பு ஜாக்கெட் அங்கே கட்டாயமாக்கப்படவில்லை. பலர் அதை முன்கூட்டியே அடுத்தடுத்த நிலையங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். 21 பேர் இறந்தார்கள். சீனாவின் தலைசிறந்த அல்ட்ரா வீரர்களில் ஒருவரான லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஜூ கெமிங், தான் ஒதுங்கியிருந்த குகையில் ஆறு பேருக்கு இடம் கொடுத்து, நெருப்பு மூட்டி, போர்வை போர்த்திக் காப்பாற்றினார். தன்னால் காப்பாற்ற முடியாமல் போனவர்களுக்காக அவர் பின்னர் வருத்தம் தெரிவித்ததையும் படித்தேன். கடும் குளிரில் ஆறு உயிரைக் காத்தவர் வருந்துகிறார். வழியிலேயே இருந்த ஒருவரை விட்டுவந்த நான் பதக்கத்தைச் சுவரில் மாட்டியிருந்தேன்.

அன்று பாறையில் உட்கார்ந்திருந்தவரின் எண்ணைத் தேடி வாங்கிப் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “தம்பி, நீங்க வந்ததே எனக்கு ஞாபகம் இல்லையே” என்றார். மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் என் கடைசிச் சாக்கும் போய்விட்டது. ‘கேட்டேனே, அவர்தான் தலையசைத்தாரே’ என்பதுதான் அதுவரை நான் பற்றிக்கொண்டிருந்தது. நான் வந்ததே நினைவில் பதியாத நிலையில் இருந்தவரின் தலையசைப்பைப் பதிலென்று எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அந்த ‘ஓகேவா?’ அவருக்காகக் கேட்டதே இல்லை. அவரைக் கடந்து போக எனக்கு ஒரு அனுமதி வேண்டியிருந்தது, அதற்காகக் கேட்டது. நின்ற அந்த இருவரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஓட்டத்தை நடத்தியவர்களுக்கும் எழுதி, முடித்தவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடக் கேட்டுக்கொண்டேன்.

ஆபத்திலிருப்பவருக்கு உதவுவது ஓடுகிறவரின் கடமை என்று யு.டி.எம்.பி. விதியே சொல்கிறது. அவசரப் போர்வையும் விசிலும் அங்கே கட்டாயம். விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த மலைகளில் ஓட வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பாதையோரம் ஒருவர் உட்கார்ந்திருந்தால் நில்லுங்கள். பெயரைக் கேளுங்கள், எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கிறோம் என்று கேளுங்கள்; கோவையாகப் பதில் வருகிறதா என்று பாருங்கள். ஜிப்பைத் தானே போட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் காற்றுப் படாத இடத்துக்கு நகர்த்தி, போர்வையைச் சுற்றி, சூடாகவோ இனிப்பாகவோ எதையாவது கொடுத்து, ஆள் வரும்வரை கூடவே இருங்கள். என்ன காரணத்தாலோ கடந்து வந்துவிட்டிருந்தால், அடுத்த நிலையத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தவறிய கட்-ஆஃபுக்கு அடுத்த ஆண்டு இன்னொரு ஓட்டம் இருக்கிறது. ‘ஓகேவா?’ என்று கேட்பதாக இருந்தால், தயவுசெய்து நின்று கேளுங்கள்.