வயிற்றில் ஒரு பை

பெருங்குடலில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்து, மலம் வெளியேற வயிற்றின் இடப்பக்கம் ஒரு வழி வைத்தார்கள். இரண்டு வருடமாகிறது. அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொண்டுதான் நடமாடுகிறேன். கொலாஸ்டமி என்பார்கள். நம் பக்கத்தில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

வெளியே தெரியும் சிவந்த சதைக்கு ஸ்டோமா என்று பெயர். குடலின் நுனிதான் அது. கன்னத்தின் உட்புறம்போல ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. கவனிக்க வேண்டியது சுற்றியுள்ள தோலை. வெறும் தண்ணீரால் துடைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, ஸ்டோமாவைவிட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாகத் துளை வெட்டி ஒட்ட வேண்டும். துளை அதிகம் பெரிதானால் மலம் பட்டுத் தோல் புண்ணாகும். எண்ணெய் தடவினால் பை ஒட்டாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். விட்டால் கனத்தில் பிய்ந்துகொள்ளும்.

முதல் மாதம் எல்லாம் என் மனைவிதான் செய்தாள். அவள் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் அவளை நிமிர்ந்து பார்க்கக் கூசியது. அவள் புதுச்சேரிக்கு மகள் வீட்டுக்குப் போன அன்று, கண்ணாடி முன் நின்று நானே மாற்றினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இப்போது பத்து நிமிடம்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு இன்னொரு ஆறுதலும் கிடைத்தது. 1793-ல் பிரான்ஸின் பிரெஸ்ட் நகரில் துய்ரே என்ற மருத்துவர், ஆசனவாய் இல்லாமல் பிறந்த மூன்று நாள் குழந்தைக்கு இதே வழியை வைத்தார். மயக்க மருந்தே இல்லாத காலம். அந்தக் குழந்தை 45 வயதுவரை வாழ்ந்தது. ஒட்டும் பையெல்லாம் அப்போது ஏது? பிரெஞ்சில் இந்தப் பையை 'போஷ்' என்பார்கள். சட்டைப்பைக்கும் அதே சொல்தான். தமிழிலும் இரண்டும் பைதானே!

சென்ற மாதம் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனேன். துளை வெட்டிய மாற்றுப் பை, டிஷ்யூ, தண்ணீர் பாட்டில், கழற்றியதைக் கட்டிப்போட ஒரு கவர் எல்லாம் தோள்பையில். முதல் நாளே மொச்சையையும் முட்டைக்கோஸையும் நிறுத்திவிட்டேன். அப்படியும் வயிறு சத்தம் போட்டது. கெட்டிமேளத்தில் யாருக்குக் கேட்கும்?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். மகன் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அவருக்கும் இதே ஆபரேஷன்; எட்டு மாதமாக வாசற்படி தாண்டவில்லை. நான் போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "டீக்கடை வரைக்கும் வரலாமா சார்?" என்றார்.

இப்போது தினமும் மாலை இருவரும் போகிறோம்.